பழைய பூங்காவில் இன்டர்லாக் பாதை போடலாமா? திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தை வைத்து ஒரு விவாதம்

பாறசாலை வடக்கு:

களியக்காவிளை மாநில எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், பூங்காவுக்கு மதிப்பீடு போடும்போது "திருவனந்தபுரம் மியூசியம் மாதிரி வேணும்" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி இன்டர்லாக் கல்லும் (ஒன்றோடொன்று பிணைத்து அடுக்குகிற கான்கிரீட் கல்) கான்கிரீட் விளிம்பும்தான். மியூசியம் வளாகத்துக்கு அழகு அங்குள்ள பெருமரங்கள். சரிவை வெட்டி நிரப்பாமல் அதன் போக்கிலேயே வளைந்து போகிற பாதைகள். மரத்தடியில் இன்டர்லாக் போட்டால் மரத்துக்கு என்ன ஆகும்? போடாமல் மழைக்காலத்திலும் நடக்கத் தோதான பாதை எப்படி அமைப்பது? அளவோடு எழுதுங்கள். ஒப்பந்தக்காரரிடம் காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

கரமனைக்கரை:

முதலில் இடத்தைப் பற்றி. உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், 1857-ல் மியூசியம் பொதுமக்களுக்குத் திறந்தது. விலங்குக்காட்சி சாலையும் தோட்டமும் அதை ஒட்டியே வந்தவை. வானாய்வகத்தை நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆலன் பிரௌனுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இன்று எல்லோரும் படம் எடுக்கிற கட்டடம் அந்தப் பழைய மியூசியம் அல்ல. அதை இடித்துவிட்டு ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-ல் முடித்த கட்டடம் இது. மதராஸ் கவர்னராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் வைத்தார்கள். சென்னை செனட் ஹவுஸ் கட்டியவரும் இதே சிஷோம்தான். ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் பின்னால் 1935-ல் சேர்ந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டடம், தோட்டம், விலங்குசாலை மூன்றும் ஒரே குன்றுச் சரிவில் இருக்கின்றன. மேலே விழுகிற தண்ணீர் மண்ணில் இறங்கி, மிச்சம் கீழே போகிற மாதிரிதான் பழைய அமைப்பு. மேலே ஒரு பகுதியைக் கல்லால் மூடினால் அங்கே இறங்க வேண்டிய தண்ணீர் முழுவதும் கீழ்ப்பக்கத்து ஓடைக்குப் போகும். இடவப்பாதியிலும் (ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை) துலா மாத, அதாவது ஐப்பசி, மாலை மழையிலும் ஓடைகள் நிறைந்து பாதையை அரிப்பது இதனால்தான். அரித்துவிட்டதே என்று மறுபடி கான்கிரீட் போடுவார்கள். அரிப்பு அடுத்த சரிவுக்கு நகரும்.

தோவாளைத் தோட்டம்:

மர விஷயத்துக்கு வருகிறேன்.

மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் எடுத்துக் கொடுக்கிற நுண்வேர்கள் ஆழத்தில் இல்லை. பெரும்பகுதி மேல்மண்ணில் 30 முதல் 60 செ.மீ.க்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் கிளைப் பரப்பையும் தாண்டிப் போகும். நம் பக்கத்துச் செம்புறை மண்ணில் இது இன்னும் மேலேயே நிற்கும். கீழே வெட்டுக்கல் (செம்புறைக்கல்) இறுகிக் கிடக்கும்போது வேர் மேல்மண்ணில் பரவத்தானே செய்யும்?

இன்டர்லாக் வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 20 முதல் 30 செ.மீ. வரை தோண்டுவார்கள். ஜல்லிக் கலவை கொட்டி ரோலர் ஓட்டுவார்கள். மேலே 3 முதல் 5 செ.மீ. எம்-சாண்ட் பரப்பி 6 செ.மீ. கல் அடுக்குவார்கள். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் விளிம்புக்காக இன்னும் ஆழமாக ஒரு சால் வெட்டுவார்கள். ஆகவே தோண்டும்போது நுண்வேர் போகிறது. சால் வெட்டும்போது தாங்குவேர் போகிறது. ரோலர் ஓட்டியபின் மிஞ்சிய வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது.

இதில் மோசம் என்னவென்றால், மரம் உடனே காட்டாது. முதல் இரண்டு வருடம் பச்சையாகவே நிற்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்தில் பிழைக்கும். மூன்றாம், நான்காம் வருடத்தில் நுனிக்கிளைகள் காயும், இலை சிறுக்கும், அடிமரத்தில் தட்டுக் காளான் தெரியும். அதற்குள் வேலை முடிந்து பில்லும் பாஸாகியிருக்கும். காற்றில் விழுந்தால் "வயசான மரம்" என்று எழுதிவிடுவார்கள்.

எவ்வளவு தூரம் தொடக்கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 1.3 மீ. உயரத்தில் அடிமரச் சுற்றளவை டேப்பால் அளந்து 3.8-ஆல் பெருக்குங்கள். அடிமர விட்டத்தைப் போல 12 மடங்கு என்ற விதிதான் இது. சுற்றளவு 3 மீ. என்றால் அடிமரத்தைச் சுற்றி 11.4 மீ. ஆரம். 4 மீ. என்றால் 15 மீ.க்குச் சற்று மேல். பூங்காவில் நிற்கிற முதிர்ந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு இந்த வட்டம் போட்டாலே பாதையின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். அந்த வட்டத்துக்குள் ஜேசிபி, ரோலர், மண் நிரப்புதல் மூன்றும் கூடாது. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து 15 செ.மீ. கொட்டி அமுக்கினாலே முதிர்ந்த மரத்துக்கு ஆபத்து.

குழித்துறை மேற்கு:

அண்ணாச்சி, ஒரு மறுப்பு. இன்டர்லாக்கில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கிறது, தண்ணீர் இறங்கும் என்று சொல்லித்தானே தார், கான்கிரீட்டை விட்டு இதற்கு மாறினார்கள்? தார் ரோடு போலவே இதையும் ஒதுக்குவது சரியா?

தோவாளைத் தோட்டம்:

போட்ட புதிதில் கொஞ்சம் இறங்கும், தம்பி. இடைவெளியில் நிரப்புவது பொடி மணல். மேலே மரத்தூசி, இலைத்தூள், பாசி சேர்ந்து ஓரிரு மழைக்காலத்தில் அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் இருந்தாலும் கீழே ரோலர் போட்ட ஜல்லிக் கலவையில் கிரஷர் தூசி கலந்திருக்கிறது. அது இறுகுவதற்காகவே கலப்பது. அதைத் தாண்டித் தண்ணீர் எங்கே போகும்?

வாதம் வேண்டாம், அளந்து பார்க்கலாம். 15 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, மரக்கட்டை வைத்து 5 செ.மீ. ஆழம் மண்ணில் அடித்து இறக்குங்கள். உள்ளே 450 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 2.5 செ.மீ. உயரம் நிற்கும். முதல் முறை காய்ந்த மண் குடித்துவிடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது முறை ஊற்றி நேரம் பாருங்கள். மரத்தடி இலைமக்குள்ள இடத்தில் சில நிமிடத்தில் போய்விடும். ஆள் நடந்து நடந்து இறுகிய இடத்தில் அரைமணி ஆனாலும் நிற்கும். இன்டர்லாக் மேல் குழாயை அடிக்க முடியாது. அடியில் களிமண் வைத்து ஒட்டி இதையே செய்யலாம்.

இறுக்கம் பார்க்க இன்னொரு வழி. நல்ல மழை பெய்த மறுநாள், 8 மி.மீ. கம்பியின் முனையை மழுக்கிக் கையால் அழுத்துங்கள். 30 செ.மீ. போனால் மண் நன்றாக இருக்கிறது. 10 செ.மீ.யில் நின்றால் அந்த இடத்து வேர் மூச்சுத் திணறுகிறது. பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் நின்றால் அது கல்லாக இருக்கலாம்.

தக்கலை நடை:

மரத்துக்காகப் பேசுகிறீர்கள், சரி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் கோலூன்றி நடக்கிற முதியவர்களையும் ஒருவரும் சொல்லவில்லையே. மண்பாதை இடவப்பாதியில் சேறு. வேர் புடைத்த இடத்தில் கால் இடறும். தளர்ந்த ஜல்லியில் நாற்காலிச் சக்கரம் புதையும். அவர்களுக்கும் சேர்த்துத்தானே பொதுப்பூங்கா? தட்டையான, வழுக்காத பாதை வேண்டும் என்று கேட்பது மரத்துக்கு விரோதம் இல்லை. சரிவு 12-க்கு 1-ஐ (12 மீ. நீளத்துக்கு 1 மீ. ஏற்றம்) தாண்டக்கூடாது, அகலம் 1.5 மீ.யாவது வேண்டும், 10 மீ.க்கு ஒருமுறை நின்று இளைப்பாறச் சமதளம் வேண்டும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு மரத்தைக் காப்பாற்ற வழி இருந்தால் சொல்லுங்கள்.

செங்கோட்டை வழி:

வழி இருக்கிறது, அக்கா. தோண்டாமல் மேலே கட்டுகிற பாதை. நீங்கள் கேட்ட சரிவு, அகலம் எல்லாம் இதில் வரும்.

புல்லையும் இலைக்குப்பையையும் கையால் மட்டும் அகற்ற வேண்டும். மண்வெட்டி வேண்டாம், வாரியல் போதும். மேடுபள்ளத்தை வெட்டிச் சமன் செய்யக்கூடாது. பள்ளத்தில் பொடி இல்லாத ஜல்லி போட்டு நிரவுங்கள். அதன்மேல் நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி, அதாவது தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி. இரண்டு துணி சேருமிடத்தில் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று கிடக்க வேண்டும். அதற்கு மேல் ஜியோசெல், அதாவது தேன்கூடு போல விரிகிற பிளாஸ்டிக் அறைகள். நடைபாதைக்கு 7.5 செ.மீ. உயரம் போதும். தண்ணீர் லாரியோ ஆம்புலன்ஸோ போகிற பாதை என்றால் 15 செ.மீ. எடுங்கள். அறைகளைக் கம்பி ஆணியால் இழுத்துக் கட்டி 20 முதல் 40 மி.மீ. ஜல்லியால் நிரப்ப வேண்டும். கழுவிய ஜல்லி, தூசி ஒரு பிடிகூடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில்தான் வேலை கெடும். "கிடைத்ததைப் போடு" என்று கிரஷர் கலவை கொட்டினால் துணி அடைத்து, பழைய இன்டர்லாக் கதைதான்.

நிரப்பும்போது லாரி மண்ணில் ஏறக்கூடாது. நிரப்பி முடித்த பகுதியின் மேல் நின்று அடுத்த பகுதிக்குக் கொட்டிக்கொண்டே போக வேண்டும். பாரம் அறைகளில் பரவுவதால் கீழ்மண் இறுகாது. மேல்தளத்துக்கு நுண்துளைக் கான்கிரீட் கல் அடுக்கலாம். இடைவெளிக்கு மணல் கூடாது, 2 முதல் 6 மி.மீ. பொடிஜல்லி போடுங்கள். சக்கர நாற்காலி சுகமாக உருளும். தண்ணீரும் காற்றும் இறங்கும்.

விளிம்புக்குக் கான்கிரீட் சால் வேண்டாம். ரெயில் ஸ்லீப்பர் மாதிரி மரக்கட்டையோ எஃகுப் பட்டையோ மேலேயே வைத்து 60 செ.மீ. இரும்பு ஆணி அடித்து நிறுத்துங்கள். ஆணி போகும் இடத்தில் வேர் தட்டினால் ஒரு சாண் தள்ளி அடிக்கலாம். பாதை தரைமட்டத்தைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்ந்து நிற்கும். அதனால் வேர் வட்டத்துக்கு வெளியே, இரு முனையிலும் 2.5 மீ. நீளத்துக்குச் சாய்வு கொடுத்துப் பழைய பாதையோடு சேர்க்க வேண்டும். 12-க்கு 1 அங்கேயே வந்துவிடும். அடிமரம் விரிந்து இறங்குகிற அடிப்பாகத்திலிருந்து குறைந்தது 50 செ.மீ. விலகியே பாதை போகட்டும். மரம் பருக்கும், இடம் வேண்டும்.

இந்த முறை செலவு கூடியதுதான். பூங்கா முழுக்கத் தேவையில்லை. வேர் வட்டத்துக்குள் மட்டும் இது, வெளியே சாதாரண இன்டர்லாக்கே போடலாம். செங்குத்தான இடத்தில் எந்தக் கல்லும் வேண்டாம், வெட்டுக்கல் படி போதும். நாற்காலிப் பாதையைச் சுற்றி எடுத்துப் போகலாம்.

குழித்துறை மேற்கு:

ஏற்கெனவே போட்டுவிட்ட இடத்தில்? பெயர்த்து எடுத்தால் வேர் இன்னும் சேதமாகாதா?

செங்கோட்டை வழி:

கல்லைப் பெயர்க்கலாம், கல்லடி மணலை வாரலாம். அதற்குக் கீழே இறுகிய ஜல்லியை இயந்திரத்தால் கிளறக்கூடாது. புதுவேர் அதற்குள்ளும் ஏறியிருக்கும். கையால் தளர்த்தி எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டு அன்றைக்கே இலைமக்கு போட்டு நனையுங்கள். வெயிலில் திறந்து கிடந்தால் நுண்வேர் ஒரே பகலில் காய்ந்துவிடும். தட்டுப்படுகிற வேர் 2.5 செ.மீ.க்கு மேல் தடிமன் என்றால் வெட்ட வேண்டாம், ஈரச் சாக்கு சுற்றி வையுங்கள். பிய்ந்த முனை இருந்தால் கூரான கைவாளால் நேராக அறுத்துவிடுங்கள். பிய்ந்த முனையில் அழுகல் ஏறும்.

கரமனைக்கரை:

பாதையைவிட எனக்குக் கவலை ஓணக் கூட்டம்தான். கனகக்குன்னு அரண்மனை, மியூசியம் பக்கமெல்லாம் ஓண வாரத்தில் கடைகள், மேடை, ஜெனரேட்டர், மரம் முழுக்க விளக்கு. ஓணம் வருகிற நேரத்தையும் பாருங்கள். சிங்ஙம், அதாவது நம் ஆவணி. இடவப்பாதி முடிந்து மண் ஈரம் வற்றாத காலம். மண் காய்ந்திருந்தால் லாரி ஏறினாலும் ஓரளவு தாங்கும். ஈரமாக இருக்கும்போது ஒரே ஒரு லாரி ஏறி இறங்கினாலே மண் இறுகிவிடும், அந்த இறுக்கம் வருடக்கணக்கில் மாறாது.

கடை போடுகிற இடத்தில் 15 செ.மீ. மரச்சிராய் பரப்பி, மேலே 19 மி.மீ. பிளைவுட் அடுக்கினால் பாரம் பரவும். முடிந்ததும் பிளைவுட்டை எடுத்துவிட்டு, சிராயில் 8 செ.மீ. அளவு அங்கேயே விட்டுவிடலாம். அடிமரத்தை ஒட்டிய ஒரு சாணில் மட்டும் சிராய் படக்கூடாது. பட்டை எப்போதும் ஈரமாக இருந்தால் அழுகும். தேநீர்க்கடை வெந்நீர், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர், பொரித்த எண்ணெய் எல்லாம் மரத்தடியில்தான் போகிறது. அதற்கு ஒரு டிரம் வைக்கச் சொல்லி உரிம நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.

விளக்கு வயரை ஆணி அடித்து மாட்டுகிறார்கள். கம்பியால் சுற்றியும் கட்டுகிறார்கள். விழா முடிந்தபின் விளக்கை அவிழ்ப்பார்கள், கட்டுக்கம்பி அங்கேயே இருக்கும். மரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி, இலையில் தயாராகும் உணவு கீழே வேருக்குப் போகிற வழியை அறுக்கும். அகலமான நாடாவால், இரண்டு விரல் நுழைகிற தளர்வில் கட்டச் சொல்லுங்கள். அவிழ்க்கும் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பாறசாலை வடக்கு:

நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சுற்றுச்சுவர் வெட்டுக்கல்லில் இருக்கிறது, சில இடம் பொடிந்து கொட்டுகிறது, சிமென்ட் பூசிவிடலாமா? அடுத்தது, மரப்பொந்துக்குள் சிமென்ட் நிரப்புகிறார்களே, அது சரியா?

தக்கலை நடை:

சுவருக்கு நான் சொல்கிறேன். வெட்டுக்கல் மென்மையான கல், தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும். சிமென்ட் அதைவிடக் கடினம். பூச்சுக்குப் பின்னால் ஈரம் மாட்டிக்கொண்டு கல்லே பொடிந்துபோகும், பூச்சு மட்டும் பொருக்காக நிற்கும். நீற்றிய சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு, இதில் சாந்து குழைத்து இணைப்புகளை மட்டும் நிரப்புங்கள். முந்தின நாள் சுவரை நனைத்து, பூசியபின் ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் செய்யக்கூடாது. சுவரில் முளைத்த அரசு, ஆலங்கன்றை மேலே வெட்டிவிட்டுப் போகாதீர்கள். வேரோடு வரவில்லை என்றால் அந்த ஒரு கல்லைக் கழற்றி எடுத்து, வேரை இழுத்துவிட்டு மறுபடி பதியுங்கள். சரிவைத் தாங்குகிற சுவர் என்றால் 2 மீ.க்கு ஒன்றாக 7.5 செ.மீ. வடிகுழாய் வேண்டும். அதன் பின்னால் ஜல்லி இல்லாவிட்டால் மண் வந்து அடைத்துக்கொள்ளும்.

தோவாளைத் தோட்டம்:

பொந்தில் சிமென்ட் நிரப்புவது முழுக்கத் தவறு. மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விழுந்து தண்ணீர் தங்கும். உள்ளே அழுகுவது வெளியே தெரியாது. மரம் தன் புண்ணைத் தானே சுவர் எழுப்பி அடைக்கும். அந்தச் சுவரைச் சுரண்டி "சுத்தம்" செய்தால் நாமே அழுகலைப் பரப்புகிறோம். பொந்தைத் திறந்தே விடுங்கள். மைனாவும் ஆந்தையும் குடியிருக்கும்.

மரம் நிற்குமா என்று தெரிய வேண்டுமானால், மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள். கெட்டியான சத்தமும் டமடம என்ற சத்தமும் மாறுகிற இடத்தைச் சாக்பீஸால் குறிக்கலாம். பொந்து வழியாக மெல்லிய கம்பியை விட்டு, நல்ல மரம் எத்தனை தடிமன் என்று அளக்கலாம். அடிமர ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக நல்ல மரம் இருந்தால் நிபுணரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது. பொந்தின் வாய் அகலமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே கூப்பிட வேண்டும். அடியில் தட்டுக் காளான் இருந்தால் சத்தம் கெட்டியாக இருந்தாலும் நம்பாதீர்கள். அழுகல் வேர்ப்பக்கம் இருக்கலாம். கறையான் புற்று ஏறியிருப்பது பெரும்பாலும் செத்த கட்டையைத் தின்பதுதான். அதைப் பார்த்தவுடன் மரத்தை வெட்ட எழுத வேண்டாம்.

கிளை வெட்டுவதற்கு: தூங்குமூஞ்சி மரக்கிளை நீளமாகக் கிடைமட்டத்தில் போகும். மழையில் இலையும் அதன்மேல் வளர்ந்த புல்லுருவியும் நனைந்து கனக்கும்போது முறியும். அடிமரத்திலிருந்து 40 செ.மீ. தள்ளி, கீழிருந்து மேலாகக் கால்வாசி அறுங்கள். அதற்குச் சில செ.மீ. வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிச்சக் கட்டையைக் கிளை தொடங்குகிற புடைப்புக்கு வெளியே அறுங்கள். அடிமரத்தோடு ஒட்டி வழித்து அறுத்தால் அந்தப் புண் ஆறவே ஆறாது. வெட்டிய இடத்தில் தாரும் வேண்டாம், சாணியும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். ஒரு பருவத்தில் பச்சைக்கிளையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையடித்தால் அடுத்த வருடம் கொத்தாகத் தழைக்கும். அந்தக் கொம்புகள் பட்டையோடு மட்டும் ஒட்டியிருப்பதால் சில வருடத்தில் தலையில் விழுவது அவைதான்.

வேலைக்குக் காலம் தை, மாசி. இடவப்பாதி தொடங்கியபின் நாரையும் கொக்கும் கூடு வைத்திருக்கிற மரத்தில் ஏற வேண்டாம். கூட்டைக் கலைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

குழித்துறை மேற்கு:

அண்ணாச்சி, அந்த 3.8 கணக்கில் ஒன்று. அடியிலேயே இரண்டாகப் பிரிந்த மரத்துக்கு எதை அளப்பது?

தோவாளைத் தோட்டம்:

1.3 மீ.க்குக் கீழே பிரிந்திருந்தால் இரண்டு தண்டையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 2 மீ.யும் 1.5 மீ.யும் என்றால் 4 + 2.25 = 6.25, வர்க்கமூலம் 2.5. அதை 3.8-ஆல் பெருக்கினால் 9.5 மீ. மரத்தை ஒட்டி ஒரு கம்பு நட்டுக் கயிறு கட்டி, அந்த ஆரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள்.

பாறசாலை வடக்கு:

அந்த வேர் வட்டத்தை மதிப்பீட்டுப் படத்திலும் வரையச் சொல்லியாகிவிட்டது. ஜியோசெல்லும் கழுவிய ஜல்லியும் தனி வரியாக, "தூசி கலந்தால் திருப்பி அனுப்பப்படும்" என்ற நிபந்தனையோடு சேர்கிறது. விளக்கு நாடாவும் கடை டிரம்மும் உரிமப் படிவத்தில் போகும்.